பீர் பாட்டிலில் கேட்ட காடு: ஹெர்பி ஹான்காக் எடுத்தது இரவலா, களவா? (ஓர் இணைய விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பழைய தட்டு

முப்பது வருடமாக ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். எதைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டில் இரண்டாவதாக வரும் 'வாட்டர்மெலன் மேன்'. அந்தப் பாட்டின் வாசல்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ட்ரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. ஊதுகிற ஒற்றைச் சுரம் 'ஹூ' என்று வருகிறது. அடுத்த 'ஹூ' வருவதற்குள் ஒரு மனிதக் குரல் குறுக்கே பாய்ந்து இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டுப் போகிறது. பிறகு அதன்மேல் இன்னொன்று பின்னிக்கொள்கிறது. எது ஊதல், எது குரல் என்று பிரிக்க முடியாது. அந்தப் பின்னலுக்குள் பால் ஜாக்சனின் பேஸ் மெதுவாக வந்து உட்காரும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ஊதியவர் ஹான்காக் குழுவின் தாளக் கலைஞர் பில் சம்மர்ஸ். ஊதியது பீர் பாட்டிலில். அவர் காதில் இருந்தது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் மழைக்காட்டில் வாழும் பாபென்செலே மக்களின் 'ஹிந்தேஹூ'. வேட்டைக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று அறிவிக்கும் இசை. இஸ்ரேலில் இருந்து போன இசை ஆய்வாளர் சிம்ஹா அரோம் அதைப் பதிவு செய்தார். 1966இல் யுனெஸ்கோ வரிசையில் இசைத்தட்டாக வந்தது.

இதே பாட்டை ஹான்காக் முதலில் பதிவு செய்தது 1962இல், தன் 22ஆம் வயதில். சின்ன வயதில் சிக்காகோ தெருவில் தர்பூசணி விற்க வந்த வண்டியின் சக்கரம் கல்பாவிய தரையில் போட்ட தாளம்தான் அதற்கு விதை. அடுத்த வருடமே கியூபாவின் மாங்கோ சாந்தமரியா அதை வாசித்து அமெரிக்காவில் முதல் பத்துப் பாடல்களில் ஒன்றாக்கினார். முதல் பதிவுக்குப் பதினொரு வருடம் கழித்து ஹான்காக் தன் மெட்டை மறுபடி கையில் எடுத்து, அதன் வாசலில் ஆப்பிரிக்கக் காட்டை வைத்தார். அந்த வண்டிக்காரரின் முன்னோர்களை எந்தக் கண்டத்தில் கப்பலேற்றினார்களோ அந்தக் கண்டத்தை.

போன வாரம் ஒரு நண்பர் "அது திருட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு கலைஞன் தன் பாட்டியின் வீட்டுக்குத் திரும்பிப் போனதை அப்படியா சொல்வது?

மூங்கில்காடு

ஐயா, இசையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். நானும் அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக ராயல்டி கணக்கு பார்க்கிறேன். ஒரு பாட்டு மேசைக்கு வந்தால், எந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் என் கண் போகும்.

'ஹெட் ஹன்டர்ஸ்' உறையில் பில் சம்மர்ஸ் வாசித்த கருவிகளின் பட்டியல் நீளமானது. அகோகோ, பலாஃபோன், ஷெகரே என்று போகும் அந்த வரிசையில் 'ஹிந்தேஹூ' என்ற சொல்லும் இருக்கிறது. கருவிக்குப் பெயர் கிடைத்தது. அதை உண்டாக்கிய மக்களுக்குக் கிடைக்கவில்லை. தட்டு 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஜாஸில் அந்த அளவுக்கு விற்ற முதல் தட்டு என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் "அந்தக் காலம் அப்படி" என்று நானே சொல்லியிருப்பேன். 1994இல் மடோன்னா தன் 'பெட்டைம் ஸ்டோரிஸ்' தொகுப்பில் 'சாங்சுவரி' என்ற பாட்டில் ஹான்காக்கின் 'வாட்டர்மெலன் மேன்' பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். உரிமை பேசப்பட்டது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஹான்காக்கின் பெயர் சேர்ந்தது. முறைப்படி நடந்த காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தன்னிடமிருந்து ஒருவர் எடுத்தால் பெயர் போட வேண்டும் என்ற முறை ஹான்காக்குக்குத் தெரிந்திருக்கிறது, அவர் பதிப்பாளருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த முறை அவரிடமிருந்து ஒரு படி கீழே இறங்கிக் காட்டுக்குப் போகவில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

கஞ்சிராக்காரன்

அக்கா, நான் மேடையில வாசிக்கிறவன். என் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன்.

சம்மர்ஸ் அரோமோட நாடாவை வெட்டி ஒட்டல. தட்டைக் கேட்டாரு, கத்துக்கிட்டாரு, தன் மூச்சுல வாசிச்சாரு. ரெண்டும் வேற வேற. ஹிந்தேஹூ என்ன கருவின்னு நெனைக்கிறீங்க? பப்பாளித் தண்டு. நடுவுல ஓட்டையா இருக்குமே, அதேதான். நம்ம ஊர்ல பப்பாளி இலைக்காம்பை வெட்டி ஊதி வெளையாடாத பிள்ளைங்க குறைவு. அதுல ஒரே சுரம்தான் வரும். மிச்ச சுரத்தையெல்லாம் தொண்டை பாடணும். ஊதல் ஒண்ணு, பாட்டு ஒண்ணு, ஊதல் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டு, கேக்குறவனுக்கு ஒரே கோடா தெரியணும். கோலாட்டத்துல எதிராளி கோல் வந்து சேர்ற நொடியில நம்ம கோல் போய்ச் சேரணும்ல, அந்த மாதிரி. இங்க எதிராளியும் நீதான்.

குரலும் சும்மா போகாது. நெஞ்சுக் குரல்ல இருந்து தலைக் குரலுக்குப் பட்டுனு தாவணும். 'ஹிந்தேஹூ'ங்கிற பேரே அந்தச் சத்தம்தான். ஹிந்-தே-ன்னு பாடி ஹூ-ன்னு ஊது.

இதைத் தட்டுல கேட்டே ஒருத்தர் பிடிச்சிருக்காருன்னா, அந்தத் தட்டுக்கு முன்னால எவ்வளவு நாள் உக்காந்திருப்பாரு? நம்ம இசையில பாடாந்தரம்னு சொல்றது இதைத்தானே? கேட்டுக் கத்துக்கிறதைக் களவுன்னா, எந்த ஊர்லயும் எந்தப் பாட்டும் மிஞ்சாது.

வடகரை

> கேட்டுக் கத்துக்கிறதைக் களவுன்னா, எந்த ஊர்லயும் எந்தப் பாட்டும் மிஞ்சாது.

தம்பி, பாடாந்தரம் என்று சொன்னாய். பாடாந்தரத்தில் முதலில் வருவது குருவின் பெயர். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாதவனுக்குப் பாடாந்தரம் கிடையாது. உன் வாதமே உனக்கு எதிராக நிற்கிறது.

பெரியவர் 'பாட்டி வீடு' என்று எழுதியிருக்கிறார். எனக்கு உறுத்துவது அதுதான். ஸ்டீவன் ஃபெல்ட் என்ற இசை மானுடவியலாளர் இந்தப் பதிவைப் பற்றி ஹான்காக்கிடமே நேராகக் கேட்டிருக்கிறார். இது சகோதரர்களுக்குள் உள்ள விஷயம், நான் அங்கே போய்ப் பேச வேண்டிய தேவையில்லை, இதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் ஹான்காக் பதில் சொல்லியிருக்கிறார். 1996இல் ஃபெல்ட் அதை எழுதினார்.

யார் யாருக்குச் சகோதரன்? மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களுக்குப் பக்கத்திலேயே வேளாண் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களும் கறுப்பர்கள்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களைத் தங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நடத்திவந்தவர்களும் அவர்கள்தான். அந்தக் காட்டு மக்களைக் குறிக்கும் 'பிக்மி' என்பதே வெளியார் வைத்த பெயர், உயரத்தை அளந்து வைத்த பெயர். அந்த மண்ணிலேயே கிடைக்காத சகோதரத்துவம் சிக்காகோவிலிருந்து ஒரு தட்டின் வழியாக வந்துவிடுமா? சகோதரன் என்பது இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உறவு. ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டு மற்றவர் அலமாரியைத் திறப்பதற்கு வேறு பெயர்.

இரவுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். நான் போன வருடம்தான் ஜாஸ் கேட்கத் தொடங்கினேன், தெரியாமல்தான் கேட்கிறேன். ஹான்காக்கும் சம்மர்ஸும் கறுப்பின அமெரிக்கர்கள். வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்க இசையை எடுத்துக்கொண்டதோடு இதை ஒரே தட்டில் வைக்கலாமா? வெள்ளைக்கார அமெரிக்கப் பாடகர் பால் சைமனைப் பற்றி எவ்வளவு சண்டை நடந்தது!

மூங்கில்காடு

நல்ல கேள்வி தம்பி. பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' 1986இல் வந்தது. நிறவெறி ஆட்சிக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பு நடந்த நாளில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பதிவு செய்தார் என்பதுதான் பெரிய சண்டை. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அதில் வரும் 'ஹோம்லெஸ்' பாட்டின் உரிமை வரியைப் பாருங்கள். பால் சைமன், தென்னாப்பிரிக்கப் பாடகர் ஜோசப் ஷபலாலா என்று இரண்டு பெயர். அந்நியர் போட்ட பெயரைச் சகோதரர் போடவில்லை. எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இருவரில் எனக்குப் பிடித்தவர் ஹான்காக்.

பழைய தட்டு

வடகரை ஐயாவின் கோபம் நியாயமானது. ஆனால் 'அலமாரியைத் திறப்பது' என்ற உவமைக்குள் அந்த மனிதர்களின் காலம் அடங்காது.

'ஹெட் ஹன்டர்ஸ்' குழுவுக்கு முன்னால் ஹான்காக் நடத்திய குழுவுக்கு ம்வாண்டிஷி என்று பெயர். சுவாஹிலி மொழியில் எழுதுபவர் என்று பொருள். அதில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு சுவாஹிலிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பென்னி மாபின் ம்வீலே ஆனார், பில்லி ஹார்ட் ஜபாலி ஆனார். அந்தக் குழுவின் இசை கரடுமுரடானது, விற்கவில்லை. 1973இல் குழுவைக் கலைக்க வேண்டி வந்தது. சந்தைக்காக ஆப்பிரிக்காவைப் பூசிக்கொண்டவர்கள் அப்படி மூன்று வருடம் நஷ்டத்தில் ஓடமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒருவரிடம் பூர்வீகம் கேட்டால் ஊர் பெயர் சொல்வார், குலசாமி பெயர் சொல்வார். ஹான்காக்கிடம் கேட்டால்? கப்பலில் ஏற்றியபோதே ஊர் பெயரும் மொழியும் பறிக்கப்பட்டுவிட்டன. எந்த ஆற்றங்கரை என்று தெரியாதவனுக்கு மொத்தக் கண்டமும்தான் பூர்வீகம். அந்த ஏக்கத்தில் பிறந்த சொல்தான் 'சகோதரர்'. அதைச் சாக்கு என்று என்னால் படிக்க முடியவில்லை.

வடகரை

சுவாஹிலி கிழக்கு ஆப்பிரிக்க மொழி ஐயா. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மேற்கிலிருந்தும் மேற்கு மத்தியிலிருந்தும் போனவர்கள். ஏக்கத்தை நான் மதிக்கிறேன், அதைப் பழிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் முழுக் கண்டத்தையும் ஒரே வீடாக நினைக்கும்போது, அந்த வீட்டில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பது மறைந்துபோகிறது. பாபென்செலே என்ற பெயர் மறைந்தது அப்படித்தான். ஏக்கம் உண்மை, விளைவும் உண்மை.

கஞ்சிராக்காரன்

வடகரை அண்ணே, குருவின் பேரைப் பத்தி நீங்க சொன்னது சுருக்குன்னு பட்டுச்சு. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். இருந்தாலும் விடமாட்டேன்.

கேமரூன்ல டுவாலா நகரத்துல பொறந்த ஃபிரான்சிஸ் பெபே இருக்காரே, பெரிய கிட்டார் கலைஞர், பாரீஸ்ல யுனெஸ்கோவிலயே வேலை பார்த்தவர். அவர் இதே ஒத்தைச் சுரக் குழலை மேடை மேடையா வாசிச்சாரு. சின்தசைசர், தாள எந்திரத்தோட சேத்துப் பாட்டே பண்ணினாரு. அவர் காட்டுக்காரர் இல்ல, நகரத்து ஆளு. அவரை யாரும் திருடன்னு சொன்னதில்லையே?

இன்னொண்ணு. பப்பாளி ஆப்பிரிக்கச் செடியே இல்ல. மெக்சிகோ பக்கத்துச் செடி. போர்த்துகீசியர் காலத்துக்கு அப்புறம்தான் கடல் தாண்டிப் போச்சு. தர்பூசணிக்குப் பொறந்த வீடு ஆப்பிரிக்கா. அது அதே கடல்ல எதிர்த் திசையில போச்சு. அமெரிக்காவுல இருந்து வந்த செடியோட தண்டுல பாபென்செலே ஊதுறாங்க. ஆப்பிரிக்காவுல இருந்து போன பழத்தை வித்தவரைப் பத்தி ஹான்காக் பாட்டு போடுறாரு. ரெண்டையும் ஒரு பாட்டுல சேத்தது யாரு? சம்மர்ஸ். இதுல எது சுத்தம், எது கலப்படம்னு எங்க கோடு போடுவீங்க?

மூங்கில்காடு

கஞ்சிராக்காரரே, பப்பாளியும் தர்பூசணியும் எதிரெதிராகக் கடல் கடந்ததை இனி மறக்கமாட்டேன். கலப்பு தப்பு என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. செடி எங்கிருந்தும் வரலாம். அதில் ஊதக் கற்ற மூச்சு யாருடையது என்பதுதான் என் கேள்வி.

பெபேயைப் பற்றி. அந்தக் குழலை வைத்து அவர் செய்த பாட்டு ஒன்றின் தலைப்பு 'பிக்மி லவ் சாங்'. வடகரை ஐயா சொன்னதுபோல அது வெளியார் வைத்த பெயர்தான், ஆனாலும் யாருடைய இசை என்று தலைப்பிலேயே கைகாட்டிவிட்டார். கேட்பவர் தேடிப் போக ஒரு வழி திறந்திருக்கிறது.

பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாஸிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலமன் தீவுகள் தெரியும்தானே, ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பசிபிக் கடலில். அங்கே மலைத்தா என்ற தீவில் பைகு மக்கள் இருக்கிறார்கள். ஹியூகோ ஸெம்ப் என்ற ஆய்வாளர் அங்கே அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டைப் பதிவு செய்தார். 'ரோரோக்வெலா' என்று பெயர். அழும் தம்பியை ஆற்றுகிற பாட்டு. அதுவும் யுனெஸ்கோ வரிசையில் தட்டாக வந்தது. 1992இல் 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தப் பெண்ணின் குரலை அப்படியே எடுத்து நடனத் தாளத்தின்மேல் ஒட்டினார்கள். 'ஸ்வீட் லல்லபை' என்று உலகமெல்லாம் ஓடியது. தொகுப்பு முழுக்க மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் இசை என்றே பேச்சு.

பிறகு நார்வேயின் ஜான் கார்பரெக். சாக்ஸஃபோனில் அவர் ஒரு சுரத்தைப் பிடித்தால் பனிமலையில் எதிரொலிப்பதுபோல் இருக்கும். 1996இல் வந்த 'விசிபிள் வேர்ல்ட்' தட்டில் அந்த மெட்டை வாசித்தார், அவ்வளவு மரியாதையோடு, அவ்வளவு அழகாக. அவர் வைத்த தலைப்பு 'பிக்மி லல்லபை'. பசிபிக் தீவுப் பெண்ணின் தாலாட்டு ஆப்பிரிக்கக் காட்டுத் தாலாட்டாகிவிட்டது. அஃபுனாக்வாவுக்குப் பெயர் போனது. பாபென்செலேக்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் தாங்கள் பாடாத ஒரு பாட்டு வந்து சேர்ந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு உறையில் ஒரு பெயர் எழுதாமல் விட்டார்கள், அவ்வளவே. அடுத்தவர் அந்த உறையை நம்பினார்.

ராயல்டி கணக்கில் ஒருமுறை தவறாக ஏறிய பெயரைத் திருத்த எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏறாத பெயரை ஏற்றுவது அதைவிடக் கடினம்.

பழைய தட்டு

கார்பரெக்கின் அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. எத்தனையோ இரவு அதைக் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடம் அது ஆப்பிரிக்கத் தாலாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூங்கில்காடு, இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் உறையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன தலைப்பு அப்படியே இருக்கிறது.

சரி, பெயர் போட்டிருக்க வேண்டும். இந்த ஒன்றை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஹான்காக் வேண்டுமென்று மறைத்தார் என்றால் ஒப்பமாட்டேன். மறைக்க நினைத்தவர் கருவிப் பட்டியலில் 'ஹிந்தேஹூ' என்ற சொல்லையே விட்டிருக்கமாட்டார். 'திருட்டு' என்ற சொல்லுக்கும் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. பணம் போயிருக்க வேண்டும் என்கிறீர்கள். யாருக்கு? ஹிந்தேஹூ ஒரு ஆள் இயற்றியது இல்லை. தனியாகவும் ஊதுவார்கள், இரண்டு பேராகவும், கூட்டமாகவும். காப்புரிமைச் சட்டத்துக்கு ஒரு ஆசிரியர் வேண்டும், ஒரு தேதி வேண்டும். முகவரி இல்லாத கடிதத்தை எங்கே அனுப்புவது?

வடகரை

முகவரி தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள் ஐயா.

அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த லூயி சார்னோ. வானொலியில் தற்செயலாக அந்தக் காட்டு மக்களின் பாட்டைக் கேட்டார். 1985இல் கிளம்பி மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குப் போனவர், பாபென்செலேக்களையும் சேர்த்துச் சொல்லும் பயாகா மக்களோடு முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். 2017இல் இறந்தார். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்திருக்கிறார். அவை ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லோரும் சார்னோ ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முகவரி இருந்தது என்று சொல்கிறேன்.

மார்ட்டின் கிராடிக், சூ ஹார்ட் என்ற பிரிட்டிஷ் தம்பதி 1992இல் கேமரூன் காட்டில் பாகா மக்களோடு தங்கி வாசித்தார்கள். திரும்பிவந்து 'பாகா பியாண்ட்' என்று குழு தொடங்கி, வருமானத்தில் பங்கை ஓர் அறக்கட்டளை வழியாக அந்த மக்களுக்கே அனுப்புகிறார்கள். சட்டம் கேட்கவில்லை, அவர்களாகச் செய்தது. ஆசிரியர் பெயர் வேண்டும், தேதி வேண்டும் என்று சட்டம் கேட்கும். ஊருக்குச் செய்ய ஊர் இருந்தால் போதும்.

அந்தக் காட்டில் மரம் வெட்டும் நிறுவனங்கள் வந்துவிட்டன. 1990இல் ஸங்கா-சங்கா காப்புக்காடு அறிவித்தார்கள். யானைக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஹிந்தேஹூ வேட்டை முடிந்து வரும் இசை. 2003இல் யுனெஸ்கோ, அதே காடுகளில் வாழும் அக்கா (Aka) இன மக்களின் பல்குரல் பாடலை மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. பாட்டைச் செல்வம் என்று அறிவித்தவர்கள் பாடுகிறவர்களைப் பற்றி என்ன அறிவித்தார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

இரவுப்பறவை

நேற்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலில் அரோமின் பதிவு, பிறகு ஹான்காக். ஒரு விஷயம் சொல்லலாமா? சம்மர்ஸ் வாசிப்பது மிகச் சரியாக இருக்கிறது, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப்போலவே வருகிறது, பேஸ் வந்து சேர அது வழி செய்கிறது. அரோமின் பதிவில் அப்படி இல்லை. மாறிக்கொண்டே இருக்கிறது. இதே சுற்றுதான் என்று நினைக்கும்போது குரல் வேறு எங்கோ போய்விட்டு அந்த 'ஹூ'வுக்கு மட்டும் சரியாகத் திரும்புகிறது. எனக்கு ஹான்காக் பிடித்திருந்தது. அரோமின் பதிவை மூன்று தடவை கேட்டேன்.

கஞ்சிராக்காரன்

தம்பி சரியாப் பிடிச்சிட்டே. சம்மர்ஸ் எடுத்தது ஒரு சுற்று. அங்க அது சுற்றே இல்ல, பேச்சு.

மூங்கில்காடு

பழைய தட்டு ஐயா, நீங்கள் பெயரை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் நான் கேட்டது பெயர் மட்டும் இல்லை, இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்கமாட்டேன். 2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டைக் காக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. தகுதியான தட்டு, சேரவேண்டியதுதான். 'வாட்டர்மெலன் மேன்' ஓடும் ஒவ்வொரு முறையும் கணக்கில் காசு ஏறுகிறது. ஹான்காக் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார். அவர் நினைத்தால் ஒரு கடிதத்தில் ஒரு பங்கை அந்தக் காட்டுக்குத் திருப்பிவிட முடியும். ஆசிரியர் யார், தேதி என்ன என்று சட்டம் தேடிக்கொண்டிருக்கட்டும்.

பழைய தட்டு

அப்படி ஒரு கடிதம் அவர் எழுதினால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்கமாட்டார். எழுதாவிட்டாலும் நான் அந்தத் தட்டைத் தள்ளிவைக்கப் போவதில்லை. இந்த இடத்தில் நீங்களும் நானும் பிரிகிறோம், மூங்கில்காடு. மனத்தாங்கல் இல்லாமல்தான் சொல்கிறேன்.

கஞ்சிராக்காரன்

கொல்லையில நிக்கிற பப்பாளியில ஒரு காம்பை வெட்டிக்கிட்டு மாடிக்குப் போனேன். வெட்டுன பக்கத்தை நல்லாத் தேய்ச்சுச் சமன் பண்ணலைன்னா உதட்டுல பால் பட்டு எரியுது, யாராவது முயற்சி பண்ணினா பாத்துக்கோங்க. ஊதல் சுலபமா வந்துடுச்சு. அதுக்கு நடுவுல பாடுறதுதான் வரல. ரெண்டு சுற்று நிக்குது, மூணாவதுல மூச்சு முந்திக்குது, 'ஹூ' கால் மாத்திரை தள்ளி விழுது. கஞ்சிராவுல இருபது வருசம் கை பழகியிருக்கு, இதுல ஒண்ணும் உதவல. காம்பு சாயங்காலத்துக்குள்ள வதங்கிடும்போல. காலையில வேற வெட்டிக்கிறேன்.